பன்னிரண்டு வருஷத்துப் பூ

போன வாரம் அடுத்த வீட்டு மாமி தமது பழைய சமையல் நோட்டைக் கொண்டுவந்து புரட்டிக்கொண்டிருந்தார். மோர்க்குழம்புக்கும் அதிரசத்துக்கும் நடுவிலிருந்து ஒரு காய்ந்த பூங்கொத்து விழுந்தது.

"குறிஞ்சி! 2018-ல் கோடைக்கானல் போனபோது பறித்தது" என்றார் பெருமையாக.

"அடடா, பறித்தே விட்டீர்களா!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நாலு கொத்துத்தானேடி? மலையே நீலமாகப் பூத்துக் கிடந்ததே!"

மாமிக்குக் கோபம் வந்தது நியாயம்தான். அவ்வளவு பூவில் நாலு கொத்து என்ன பிரமாதம்? ஆனால் நீலக்குறிஞ்சியின் கதை நம் வீட்டு மல்லிகையின் கதை அல்லவே! மல்லிகை வருஷா வருஷம் பூக்கும். முழங்கால் உயரத்துக்குப் புல்லோடு புல்லாக நிற்கும் அந்தக் குறிஞ்சிச் செடியோ பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டு, மாண்டு போகிறது. பறித்த கொத்துக்கு விதை ஏது? அக்கம் பக்கத்துச் செடிகள் எல்லாம் ஒரே பருவத்தில் சேர்ந்து பூப்பதற்கும் காரணம் சொல்கிறார்கள். எலியும் பூச்சியும் வயிறு முட்டத் தின்றாலும், மலையளவு விதையில் கொஞ்சமாவது மிஞ்சி முளைக்குமாம். மூணாறுப் பக்கத்து முதுவர்கள் இந்தப் பூவைக் கொண்டே வயசைக் கணக்கிட்டு வந்தார்கள். ஐந்து குறிஞ்சி கண்டவருக்கு நம் ஊரில் சஷ்டியப்த பூர்த்தியே நடந்துவிடும்!

மாமி சமாதானமாகிவிட்டார். "எல்லாம் சரி, மலை ஏன் அப்படி மொட்டையாகக் கிடக்கிறது? நாலு மரம் நட்டால் பூவுக்கு நிழலாக இருக்காதோ?" என்றார்.

இங்கேதான் சங்கடம்! நல்ல எண்ணத்தோடு எத்தனையோ பேர் இப்படித்தான் நினைத்தார்கள். அந்த உயரத்தில் மரங்கள் பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலையாக ஒதுங்கி நிற்கும். காற்றும் உறைபனியும் அடிக்கிற சரிவுகள் புல்லுக்குச் சொந்தம். பனியில் மரக்கன்று கருகிவிடும், புல் தாங்கும். வெயில் தாராளமாக விழும் அந்தப் புல்வெளிதான் குறிஞ்சிக்குப் பிறந்த வீடு. வரையாட்டுக்கு ஆகாரமும் அங்கேதான். மழைத் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுவதும் அந்தப் புல்வெளியே.

வெள்ளைக்காரர்கள் அதைத் தரிசு என்று எண்ணினார்கள். விறகுக்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். (சீகை என்றதும் சீயக்காயை நினைக்க வேண்டாம், இது வேறு.) சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நின்றபாடில்லை, தோல் பதனிட அதன் பட்டை வேண்டியிருந்தது. அந்த நிழலில் புல் செத்தது. கூடவே குறிஞ்சியும் போயிற்று. மரத்தை வெட்டினாலும் லேசில் விடாது. சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் கிடந்து மறுபடி முளைக்கும். இப்போது வனத்துறையே அந்த மரங்களை அகற்றிப் புல் நாற்று நடுகிறது. கேரளத்தில் குறிஞ்சிக்கென்றே 2006-ல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள்.

மாமி விரல் விட்டு எண்ணினார். "அப்படியானால் கோடைக்கானலில் அடுத்தது 2030-லா? எனக்கு அப்போது எழுபத்தாறு."

மலைக்கு மலை வருஷம் மாறும், வேறு இடத்தில் முன்னாலேயே பார்க்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. அதே சரிவுக்குத்தான் போக வேண்டுமாம்.

"இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், போதுமா?" என்று சொல்லி, காய்ந்த கொத்தை அதிரசப் பக்கத்திலேயே திரும்ப வைத்தார்.