விளையாட ஆசை விட்டுப்போனதுக்குப் பேர் பக்குவமா?

"கல்யாணம் ஆயிடுச்சு, அரசு உத்தியோகம் வேற. இன்னும் வீடியோ கேமா டாக்டர்?"

ராத்திரி டியூட்டி முடிச்சு தூங்கி எழுந்தா ஒரு மணி நேரம் கேம் ஆடுவேன்னு போன வாரம் எழுதினேன். வந்த பதில்களில் இதுதான் கொஞ்சம் நாகரிகமானது. இன்னொருத்தர், "எனக்கும் அந்தக் கிறுக்கு இருந்துச்சு. முப்பதைத் தாண்டினதும் தானா போயிடுச்சு. பக்குவம் வந்துடுச்சு"ன்னு எழுதியிருந்தார். அதுக்கு ஏகப்பட்ட லைக்.

இந்த த்ரெட் அவருக்கும், லைக் போட்ட எல்லாருக்கும். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கும் அந்த ஆசை போச்சு. ஆனா அது பக்குவம் இல்லை.

எனக்கு இப்போ 36 வயசு. சின்ன வயசுல கிருமாம்பாக்கத்தில் எங்க தெருவிலேயே ஒரே ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. ஒரிஜினல் நின்டெண்டோ இல்லை, அதைப் பார்த்துச் செஞ்ச நகல். கேசட்டை எடுத்து வாயால ஊதி மறுபடி சொருகினா கான்ட்ரா வரும். அந்த வீட்டு அம்மா "போதும், டிவி சூடாயிடும்"னு சொல்ற வரைக்கும் முறை வச்சு ஆடுவோம். அப்புறம் பிரவுசிங் சென்டர், ரோட் ராஷ், வைஸ் சிட்டி. மிஷன் எல்லாம் யாருக்கு வேணும்? ஒரு டாக்ஸியைப் பிடுங்கிக்கிட்டு கடற்கரை ரோட்டில் சும்மா சுத்துவோம். எம்பிபிஎஸ் ஹாஸ்டலில் கிரிக்கெட் 07. 2006-ல் வந்த கேமை 2012-லயும் ஃபார்மகாலஜி பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஆடிக்கிட்டு இருந்தோம். பாஸும் ஆனோம்.

அப்புறம் வேலை. சம்பளம் வந்ததும் முதல் காரியமா கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வாங்கினேன். தள்ளுபடி போடும்போதெல்லாம் கேம் வாங்கிக் குவிச்சேன். டியூட்டி முடிஞ்சு வந்து லேப்டாப்பைத் திறப்பேன், லிஸ்டை மேலேயும் கீழேயும் உருட்டுவேன், மூடிடுவேன். படுத்துக்கிட்டு போனில் ரீல்ஸ். இப்படியே ரெண்டு வருஷம். கேட்டவங்ககிட்ட நானும் அதே வசனத்தைத்தான் சொன்னேன்: "வயசாச்சுல்ல."

ஒரு நாள் ஓபியில் ஐம்பது வயசுக்காரர் ஒருத்தர். உடம்பெல்லாம் வலி, தூக்கம் இல்லை. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியா இருக்கு. இந்த மாதிரி ஆட்கள்கிட்ட நாங்க வழக்கமா ரெண்டு கேள்வி கேட்போம். கடந்த ரெண்டு வாரமா மனசு சோர்வா இருக்கா? வழக்கமா பிடிச்ச விஷயங்களில் ஈடுபாடு குறைஞ்சிருக்கா?

அவர் யோசிச்சுட்டுச் சொன்னார்: "முன்னாடியெல்லாம் சாயங்காலம் ஆனா கோயில் திண்ணையில தாயம் ஆடப் போவேன் சார். இப்போ போகத் தோணல. வயசாச்சுல்ல."

அதை நான் பக்குவம்னு எழுதிக்கலை. அறிகுறின்னு எழுதிக்கிட்டேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி சீட்டும் கொடுத்தேன்.

பைக்கில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைச்சது. அவர் சொன்ன வார்த்தையை எழுத்துப் பிசகாம நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவருக்கு அறிகுறி, எனக்கு மட்டும் ஞானமா?

இங்கே ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். கேம் ஆடறதை விட்டவங்க எல்லாருக்கும் மனச்சோர்வுன்னு நான் சொல்லலை. அந்த ரெண்டு கேள்வியும் சந்தேகத்தை எழுப்பத்தான், நோயை முடிவு பண்ண இல்லை. நீங்க கேமை விட்டுட்டு வாலிபால் ஆடப் போறீங்களா, மாடியில் தக்காளி வளர்க்கறீங்களா? ரொம்ப நல்லது, உங்களுக்கு ஒண்ணும் இல்லை. ருசி மாறியிருக்கு, அவ்வளவுதான். ஆனா அது போன இடத்தில் எதுவுமே வரலையா? சாப்பாடு, பாட்டு, பேச்சு எதுவுமே ருசிக்கலையா? ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் அப்படித்தான் இருக்கா? அப்போ தயவுசெஞ்சு அதுக்குப் பக்குவம்னு பேர் வச்சு மூடாதீங்க. டாக்டரைப் பாருங்க. நேரில் போகக் கூச்சமா இருந்தா 14416, டெலி மானஸ். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

என் விஷயத்தில் பாதி, தூக்கம் கெட்டது. மீதி பாதிக்குக் காரணம் கேமே.

கோபப்படாதீங்க, விளக்கறேன். கான்ட்ரா முடியும். முடிஞ்சா நாம ஜெயிச்சோம். இன்னைக்கு போனில் இருக்கிற பல கேம்கள் முடியவே முடியாது. தினமும் வந்து கையெழுத்துப் போட்டா பரிசு, ஒரு நாள் விட்டா கணக்கு மறுபடி முதல்லேருந்து. சீசன் முடியறதுக்குள்ள வாங்காட்டி போச்சு. பெட்டியைத் திறந்தா என்ன வரும்னு தெரியாது. எப்போ கிடைக்கும்னு தெரியாத பரிசுக்காக உயிர் விடாம பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்கும்னு புறாவையும் எலியையும் வச்சு ஸ்கின்னர் போன நூற்றாண்டிலேயே காட்டிட்டார். காசு கொடுத்துத் திறக்கிற இந்தப் பெட்டிகளை பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம்னு சொல்லிடுச்சு. காலையில் வருகைப் பதிவேடு, ராத்திரியும் வருகைப் பதிவேடுன்னா மனுஷனுக்கு எங்கேர்ந்து ஆசை வரும்?

"டாக்டரே கேமுக்கு வக்காலத்தா? எத்தனை பேர் ஆன்லைன் ரம்மியில் செத்திருக்காங்க?"

செத்திருக்காங்க. அந்தக் குடும்பங்களைப் பார்த்தவன் நான். அதனாலதான் ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீங்கன்னு கத்தறேன். தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த தடைச் சட்டம் முள்ளோடையைத் தாண்டி நம்ம பக்கம் செல்லாது. 2025 ஆகஸ்ட்டில் நாடு முழுக்க ஒரு சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தைத் தடை செய்ற அதே சட்டம்தான் மின்விளையாட்டுப் போட்டியை விளையாட்டுன்னு ஏத்துக்கவும் செய்யுது. சட்டத்துக்குத் தெரிஞ்ச வித்தியாசம் நம்ம பெரியப்பாக்களுக்குத் தெரிய மாட்டேங்குது.

கேம் அடிமைத்தனம் உண்மையான நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கு, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையிலும் வந்தாச்சு. ஆனா அதுக்கு எத்தனை மணி நேரம் ஆடினீங்கங்கறது அளவுகோல் இல்லை. நிறுத்த முடியலை, மத்த எல்லாத்தையும் விட அதுதான் முக்கியம், வாழ்க்கை கெடுதுன்னு தெரிஞ்சும் தொடர்றது, வேலை, படிப்பு, குடும்பம் பாதிக்கறது. பொதுவா 12 மாசம் இப்படி இருக்கணும். டியூட்டி முடிச்சு ஒரு மணி நேரம் ஆடறவன் இதில் எங்கே வர்றான்?

நான் திரும்ப ஆட ஆரம்பிச்சது புது மெஷின் வாங்கி இல்லை. நைட் டியூட்டிக்கு மறுநாள் தூக்கத்தை எதுக்காகவும் விட்டுக்கொடுக்கறது இல்லைன்னு முடிவு பண்ணினேன். போனில் இருந்த, தினமும் கூப்பிடற கேம் எல்லாத்தையும் அழிச்சேன். முடியற கேம் மட்டும்தான்.

இதைச் சொன்னதும் கூட வேலை பார்க்கும் ஒரு தோழி சிரிச்சா. "உனக்காவது ஆசை போச்சேன்னு கவலைப்பட நேரம் இருக்கு. எனக்கு டியூட்டி முடிஞ்சா சமையல் டியூட்டி." பதில் சொல்ல வாய் வரலை. இப்போ எங்க வீட்டில் ராத்திரி பாத்திரம் என் பொறுப்பு. முன்னாடியே இருந்திருக்கணும்.

அப்படி முதல்ல எடுத்த கேம் 'வெண்பா'. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 80களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மா பேர் வெண்பா, மகன் கவின். அவங்க அம்மா எழுதிவச்ச சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே கிழிஞ்சு அழிஞ்சு இருக்கும். விட்டுப்போனதை யோசிச்சு சமைக்கறதுதான் ஆட்டம். துப்பாக்கி இல்லை, பரிசுப் பெட்டி இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிஞ்சுடும். 2024-ல் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. தமிழ் பேசற ஒரு கேமுக்கு லண்டனில் விருது கிடைக்குது, இங்கே நாம "இன்னும் கேமா"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்.

முதல் புதிர் இட்லி. நான் தட்டு அடுக்கும்போது தப்பு பண்ணிட்டேன். பின்னாடி கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த எங்க அம்மா எட்டிப் பார்த்தாங்க.

"தட்டைத் திருப்பி வைடா. குழி மேல குழி வந்தா இட்லி அமுங்கிடாதா? இது கூடத் தெரியாமயா டாக்டருக்குப் படிச்ச?"

கீரையோட வந்து பக்கத்தில் உட்கார்ந்தாங்க. கடைசி வரைக்கும் எழுந்திருக்கலை. மகன் தமிழில் கேட்டா இங்கிலீஷில் பதில் சொல்ற இடத்தில் மட்டும் ஒண்ணுமே பேசலை. முடிஞ்சதும் முந்தானையில் கண்ணைத் துடைச்சுட்டு, "முதல்லேருந்து போடு, இந்தத் தடவை நான் வைக்கிறேன்"னாங்க.