'சில வருடங்களுக்குப் பிறகு...'

தமிழ் சினிமாவில் ரொம்ப அதிகப் படங்களில் தலைகாட்டினது யாரு? 'ஆச்சி மனோரமா'ன்னு கை தூக்கினவங்க கொஞ்சம் இறக்குங்க. ஆச்சியையே மிஞ்சின ஒரு ஆள் உண்டு. பேர் கிடையாது, சம்பளம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தா வந்துட்டு, மூணே செகண்டில் போயிடும். 'சில வருடங்களுக்குப் பிறகு...'

அதுக்கு முந்தின சீனில் ஹீரோ டிரங்குப் பெட்டியோட பஸ் ஏறியிருப்பார். அடுத்த சீனில் கூலிங் கிளாஸோட கார்லேர்ந்து இறங்குவார். வாசலில் நிக்கிற அம்மாவுக்கு முடி நரைச்சிருக்கும். மேக்கப்மேன் பத்து நிமிஷத்தில் பூசின நரை. நாம கிளாஸைத்தான் கட் அடிக்கிறோம். எடிட்டர் ஒரு அம்மாவோட பத்து வருஷத்தையே கட் அடிச்சுடறார்!

அவரைக் குத்தம் சொல்லலை பாஸ். ரெண்டரை மணி நேரத்தில் கதையை முடிக்கணும், அவர் பாடு அவருக்கு. ஆனா எங்க சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்கு அந்த மூணு செகண்டுக்குள்ளேதான் பாதி வாழ்க்கை நடந்து முடிஞ்சிருக்கு. அதனால இந்த வாரம் படத்தில் வந்த சீனை விட்டுட்டு, வராத சீனைப் பார்ப்போம்.

முதல்ல வீடு. செட்டிநாட்டு வீட்டை நீங்க நேரில் பார்த்திருக்காவிட்டாலும் சினிமாவில் நூறு தடவை பார்த்திருப்பீங்க. முற்றம், தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரை, நடுவில் ஒரு ஊஞ்சல், ஊஞ்சலில் ஒரு பெரிய மீசை. மீசை சொடக்குப் போட்டால் பத்து அடியாட்கள் அருவாளோட வருவாங்க. நாட்டாமை வீடு, பண்ணையார் வீடு, வில்லன் வீடு எல்லாத்துக்கும் இதே வாசல்தான்.

நிஜத்தில் அந்த வீடுகளைக் கட்டினவங்க பண்ணையாருங்க இல்லை, நகரத்தார் வியாபாரிகள். பர்மா, மலேயா, இலங்கைன்னு கடல் தாண்டிப் போய் லேவாதேவி நடத்தினவங்க. அந்தத் தேக்கே பர்மாவிலேர்ந்து வந்ததுதான். அங்கே கடைக்கு மேலாளாகவோ அடுத்தாளாகவோ ஒருத்தர் கப்பலேறினால், வழக்கமா மூணு வருஷக் கணக்கு. கணக்கை முடிச்சுட்டுத்தான் ஊர் திரும்பலாம். பெரும்பாலும் பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயேதான் இருப்பாங்க. வரவு செலவு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், கோயில் காரியம், கல்யாணம், கருமாதி எல்லாத்தையும் ஆச்சிமார்தான் பார்த்துக்கிட்டாங்க. சினிமாக்காரன் மீசையை உட்கார வச்ச ஊஞ்சல், நிஜத்தில் பல வருஷம் மீசையே இல்லாமத்தான் ஆடியிருக்கும்.

அதாவது அந்த அரண்மனை மாதிரி வீடு, ஒருத்தர் சம்பாதிச்சு இன்னொருத்தர் காத்திருந்து கட்டின வீடு. சம்பாதிச்சவர் படம் மட்டும் கூடத்தில் மாட்டியிருக்கு.

இந்தக் காத்திருப்பு பர்மா காலத்தில் ஆரம்பிச்சதுன்னு நினைச்சா அதுவும் தப்பு. சிவகங்கையிலேர்ந்து திருப்பத்தூர் போற பஸ்ஸில் ஏறுங்க (ஜோலார்பேட்டைப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை சாமி, எங்க மாவட்டத்துத் திருப்பத்தூர்). மதகுபட்டி வர்றதுக்கு முன்னாடி ஒக்கூர்னு ஒரு ஸ்டாப் வரும். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரோட ஊர்னு இதைத்தான் சொல்றாங்க. அதே ஊர்ப் பேரோட மாசாத்தனார்னு ஒரு ஆண் புலவரும் உண்டு. பரீட்சையில் மாத்தி எழுதி மார்க்கைக் கோட்டை விடாதீங்க, இவங்க மாசாத்தியார்.

இவங்க பாட்டு நமக்குக் கிடைச்சது மொத்தம் எட்டு. புறநானூற்றில் ஒண்ணு, குறுந்தொகையில் அஞ்சு, அகநானூற்றில் ரெண்டு. மேடையில் மைக் பிடிக்கிறவங்க பெரும்பாலும் எடுக்கிறது அந்தப் புறநானூற்றுப் பாட்டைத்தான். முன்னொரு நாள் போரில் பிறந்த வீட்டு ஆணைப் பறிகொடுத்து, நேத்து கணவனையும் பறிகொடுத்த ஒருத்தி, இன்னிக்குப் போர்ப் பறை கேட்டதும் தன் ஒரே பிள்ளைக்குத் தலைவாரி, கையில் வேல் கொடுத்து அனுப்புறா. செம மாஸ் சீன். இன்டர்வெல் பிளாக்குக்கு அப்படியே பொருந்தும். கைதட்டல் நிச்சயம்.

ஆனா மிச்சம் ஏழு பாட்டும் அகப்பாட்டு. அதில் ஒண்ணு, குறுந்தொகை 126. இளமை போறதைப் பார்க்காமல் பொருளைத் தேடிப் போனவன் இன்னும் வரலை. மழை பெய்யுது, முல்லை அரும்பு விட்டிருக்கு. அந்த அரும்பெல்லாம் பல்லைக் காட்டித் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி அவளுக்குத் தோணுது. இன்னொண்ணு 275. சாயங்கால நேரம். தூரத்தில் ஒரு மணிச் சத்தம். மேய்ச்சல் முடிஞ்சு வர்ற மாட்டுக் கழுத்து மணியா, போன வேலையை முடிச்சுட்டு வர்ற அவனோட தேர் மணியா? வா, பாறை மேல ஏறிப் பார்த்துட்டு வருவோம்னு தோழியைக் கூப்பிடறா. அவ்வளவுதான் பாட்டு. எந்த மணின்னு மாசாத்தியார் கடைசி வரைக்கும் சொல்லலை.

கவனிச்சீங்களா? தேரில் வர்றவன் எப்படிச் சண்டை போட்டான், எவ்வளவு சம்பாதிச்சான், எதுவும் இல்லை. கேமரா அவன்கூடப் போகவே இல்லை. வீட்டில் இருக்கிறவளோட காதுக்குப் பக்கத்தில் நின்னுடுச்சு.

எந்தப் படம் பார்த்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இதுதான்னு தோணுது. ஒருத்தர் ஊரை விட்டுக் கிளம்புறார். கேமரா யார்கூடப் போகுது? கிளம்பினவர்கூடப் போனால் நமக்கு ஒரு ஹீரோ கிடைப்பார். வீட்டில் நின்னால் நமக்கு வாழ்க்கை கிடைக்கும்.

எங்க பக்கத்து ஆள் ஒருத்தரே இதைச் செஞ்சு காட்டியிருக்கார். காரைக்குடி ஏ.வி.மெய்யப்பச் செட்டியார். கோடம்பாக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடியை ஒட்டின தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அதே செட்டியார் பி.ஏ.பெருமாளோட சேர்ந்து 1952-ல் கொண்டு வந்த படம் 'பராசக்தி'. நமக்கு உடனே ஞாபகம் வர்றது சிவாஜியும் கோர்ட்டும் கலைஞர் வசனமும்தான். கதையைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. மூணு அண்ணன்கள் ரங்கூனில், ஒரே தங்கச்சி கல்யாணி மதுரையில். 1942, யுத்த நேரம். தங்கச்சி கல்யாணத்துக்கு வர மூணு பேருக்கும் கப்பல் டிக்கெட் கிடைக்கலை. ஒருத்தர் கிளம்பி வர்றார், அவரும் நேரத்துக்கு வந்து சேரலை. அதுக்குள்ளே இங்கே கல்யாணியோட கணவன் போயிட்டான், அப்பாவும் போயிட்டார். கைக்குழந்தையோட இட்லி சுட்டு விக்கிறா அவ.

படம் வந்தப்போ ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைஞ்சு பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது கதையே இல்லை. அந்தப் பக்கம் போன ஆள் என்ன ஆனார்னு காத்திருந்தவங்க, காட்டு வழியா நடந்தே ஊர் வந்து சேர்ந்தவங்க. கோர்ட் சீனுக்குக் கை தட்டினவங்களில் எத்தனை பேர் இட்லிக் கடை சீனில் கண்ணைத் துடைச்சிருப்பாங்களோ!

அப்புறம் 2000-ம் வருஷம். அந்த ஒரே வருஷத்தில் ரெண்டு படம். ஒண்ணு ராஜீவ் மேனனோட 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. ஜேன் ஆஸ்டின் 1811-ல் எழுதின இங்கிலீஷ் நாவலைத் தூக்கிட்டு வந்து செட்டிநாட்டு வீட்டில் வச்சார். ஒரு இடி பாடு இல்லாமல் அப்படியே உட்கார்ந்தது. தாத்தா உயில் மகனுக்கு, அம்மாவும் மூணு பெண்களும் வீட்டை விட்டு வெளியே! இதுக்கு இங்கிலாந்து என்ன, காரைக்குடி என்ன? அந்த வீட்டுக்கு ஷூட்டிங்குக்கு இடம் பார்க்க வர்றவர்தான் அஜித். டைரக்டர் ஆயிட்டுத்தான் கல்யாணம்னு கிளம்பிடறார். வழக்கமான படமா இருந்தா கேமரா அவர் பின்னாடியே கோடம்பாக்கம் போயிருக்கும். இதில் தபு பக்கமே நிக்குது. அவங்களும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடலை. சென்னையில் டெலிபோன் எடுக்கிற வேலையில் ஆரம்பிச்சு சாஃப்ட்வேர் வேலை வரைக்கும் போறாங்க. காத்திருக்கிறவங்க சும்மா இருக்கிறதில்லைங்கிறதை அந்தப் படம் சத்தமில்லாமல் சொல்லிட்டுப் போச்சு.

இன்னொண்ணு சேரனோட 'வெற்றிக்கொடி கட்டு'. துபாய் போறேன்னு ஏஜென்ட்டிடம் பணம் கட்டி ஏமாந்த ரெண்டு பேர், முரளியும் பார்த்திபனும். ஊருக்குத் திரும்ப முகமில்லை. அப்போ ஒரு யோசனை பண்றாங்க. இவர் வீட்டுக்கு அவர் போறார், அவர் வீட்டுக்கு இவர் போறார். அந்தப் படத்தில் வடிவேலுவோட துபாய் அலப்பறையை நாம மனப்பாடமா சொல்லுவோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, தன் வீட்டில் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க அந்த ரெண்டு பேருக்கும் வேற ஒருத்தன் போக வேண்டியிருக்கு. போனவன் கண்ணுக்குத் தெரியாத வீடு, வேத்தாள் கண்ணுக்குத் தெரியுது. காமெடிக்கு நடுவில் சேரன் செருகின ஊசி அது.

அதே சேரன் 2005-ல் 'தவமாய் தவமிருந்து' எடுத்தார். சிவகங்கையில் பிரஸ் வச்சிருக்கிற அப்பா ராஜ்கிரண். கடன் வாங்கி, ராப்பகலா மெஷின் ஓட்டி ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவர் எங்கேயும் கப்பலேறலை. இருக்கிற இடத்திலேயே இருந்தவருக்கும் ஒரு கதை உண்டுன்னு, ஒரு முழுநீளப் படமே எடுத்துக் காட்டினார்.

இந்த மூணு படத்துக்கும் மூத்தது 1977-ல் பாரதிராஜா எடுத்த '16 வயதினிலே'. ஜெயிலுக்குப் போன சப்பாணிக்காக மயில் ரயில்வே ஸ்டேஷனில் காத்திருக்கா. ரயில் வருது, போகுது. அவன் இறங்கி வர்றதைக் காட்டாமலே படம் முடிஞ்சுடுது. மாட்டு மணியா, தேர் மணியான்னு சொல்லாமல் நிறுத்தின ஒக்கூர்க்காரம்மாவைத்தான் எனக்கு ஞாபகம் வருது. ரெண்டு பேருக்கும் நடுவில் பதினேழு பதினெட்டு நூற்றாண்டு இருக்கலாம். ஆனா கேமராவை ஒரே இடத்தில்தான் வச்சிருக்காங்க.

'இப்பத்தான் வீடியோ கால் வந்தாச்சே, இன்னும் என்ன காத்திருப்பு?'ன்னு கேட்கலாம். கரெக்ட்தான். கடுதாசிக்கு மாசக்கணக்கில் காத்திருந்த காலம் போச்சு. எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசை கட்டி நின்ன காலமும் போச்சு. சிங்கப்பூரில் இருக்கிற அப்பா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் ஸ்கிரீனில் வந்துடறார். ஆனா அவர் முகம் மட்டும்தான் வருது. கரண்ட் பில், பாட்டியோட மூட்டு வலி, தம்பி ஸ்கூல் மீட்டிங், ஓட்டுக்கு மேலே ஒழுகிற மழை, இதெல்லாம் கட் பண்ணின ஓரத்திலேயே நிக்குது. அங்கே அவரோட ரூமும், அவர் சொல்லாமல் விட்ட இடுப்பு வலியும் இதே மாதிரி ஃபிரேமுக்கு வெளியேதான் இருக்கு.

இன்னொரு விஷயம். இத்தனை நாள் காத்திருந்த கூட்டத்தில் இருந்த நாமதான் அடுத்து பெட்டி கட்டப் போறோம். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், எங்கேயோ ஒரு ஆபர் லெட்டர். பையன்கள் மட்டும் இல்லை, பொண்ணுங்களும்தான். மாசாத்தியார் காலத்துக்கும் நமக்கும் நடுவில் மாறின நல்ல விஷயம் அது. போகத்தான் வேணும், போங்க. ஆனா பஸ் கிளம்பும்போது கேமரா நம்மகூடத்தான் ஏறும். பின்னாடி வாசலில் நிக்கிறவங்களுக்கு 'சில வருடங்களுக்குப் பிறகு' அட்டையைப் போட்டுட்டு நாம பாட்டுக்கு டூயட்டுக்குப் போயிடுவோம்.

தினமும் ராத்திரி போனில் 'சாப்பிட்டியா?'ங்கிற கேள்வி எப்பவும் ஊர்ப் பக்கத்திலேர்ந்துதான் வருது. நாம 'ம்' கொட்டிட்டு வச்சுடறோம். ஒரு தடவை கேள்வியைத் திருப்பிப் போடுங்க. 'இன்னிக்குக் காலையிலேர்ந்து என்னம்மா பண்ணினே?'ன்னு கேளுங்க. 'என்னத்த, வழக்கம்போலத்தான்'னு பதில் வரும். விட்டுடாதீங்க, 'அதையே சொல்லு'ன்னு கேளுங்க. எடிட்டர் வெட்டிப் போட்ட ரீல் மொத்தமும் அந்த 'வழக்கம்போல'வில்தான் சுத்தி வச்சிருக்கு.