வேன்வீடு - பாகம் 4: சைக்கிளுக்குப் போக மிச்சம்தான் கட்டில்

போன பாகத்துல தரைக்கு கார்க் ஒட்டி, மேல பிளைவுட் அடிச்சதோட நிறுத்தியிருந்தேன். அடுத்தது கட்டிலா, அடுப்பான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. ரெண்டும் இல்ல. அடுத்தது சைக்கிள்.

புதுசா வர்றவங்களுக்கு முன்கதைச் சுருக்கம்: அடியேன் ஜெர்மனியில கார்ல்ஸ்ரூ நகரத்துல மாஸ்டர்ஸ் படிக்கிற ஏழை மாணவன். நானும் ரூம்மேட் மாப்ளயும் காசு சேர்த்து, பார்சல் டெலிவரிக்கு ஓடி ஓடித் தேஞ்ச ஒரு ஃபியட் டுகாட்டோ வேனை வாங்கி, அதைப் படுத்துத் தூங்குற வீடா மாத்திக்கிட்டு இருக்கோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா ரெண்டு சைக்கிளையும் ஏத்திக்கிட்டு பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பக்கம் கிளம்பிடணும். அவ்ளோதான் திட்டம்.

"கட்டிலை முதல்ல கட்டுவோம், சைக்கிளை அப்புறம் எங்கயாச்சும் சொருகிக்கலாம்"னுதான் நாங்களும் நினைச்சோம். அந்த நினைப்பு எப்படி மாறிச்சுன்னு சொல்றேன்.

போன அக்டோபர்ல, கட்டில் எதுவும் இல்லாம, தரையில மெத்தையைப் போட்டுக்கிட்டு ஒரு ட்ரிப் போனோம். சைக்கிள் ரெண்டையும் சுவரோரமா நிறுத்தி, கொக்கி வச்ச ரப்பர் கயிறு நாலு மாட்டி, "ம்ம், அசையாது"ன்னு ஒரு தட்டு தட்டிட்டுக் கிளம்பியாச்சு. திரும்பி வரும்போது மலையிறக்கத்துல ஒரு வளைவு. நடு ரோட்டுல ஒரு மான். அடிச்சேன் பாருங்க பிரேக். கயிறு அறுந்திருந்தாக்கூட பரவாயில்லை, கயிறு மேல பழியைப் போட்டிருப்பேன். அது அறுகலை, நீண்டு கொடுத்துச்சு. என்னோட சைக்கிள் முன்னால பாஞ்சு வந்து, ஹேண்டில்பார் முனை மாப்ளயோட சீட் தலைசாய்ப்புல இடிச்சு நின்னுச்சு. அவன் காதுக்கும் அதுக்கும் நாலு விரல் இடைவெளி. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்ல. மான் மட்டும் நிதானமா ரோட்டைத் தாண்டிப் போச்சு.

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி மோதிச் சட்டுன்னு நின்னா, உள்ள கட்டாம கிடக்கிற பொருள் அதே வேகத்துல முன்னால வரும். அது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுற பொருளோட வேகம். என் சைக்கிள் 14 கிலோ. அதாவது மூணாவது மாடியிலேர்ந்து ஒருத்தன் சைக்கிளைத் தூக்கித் தலையில போடுற மாதிரி. டெலிவரி வண்டியா இருந்தப்ப டிரைவருக்குப் பின்னால ஒரு இரும்புத் தடுப்பு இருந்துச்சு. "உள்ளேயே நடந்து போய்க்கலாம்ல"ன்னு அதைக் கழட்டிப் போட்ட புண்ணியவான்களும் நாங்கதான். இந்த ஊர் சாலை விதியில 22-ம் பிரிவு இதுக்குன்னே இருக்கு. முழு பிரேக் போட்டாலும், திடீர்னு வண்டியை ஒடிச்சாலும் சரக்கு நகரக்கூடாது. ரப்பர் கயிறெல்லாம் அந்தக் கணக்குலயே வராது.

அதனால முடிவு: முதல்ல சைக்கிளுக்கு இடம், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு வழி. மிச்சம் இருக்கிறது எங்களுக்கு.

"வெளியில மாட்ட வேண்டியதுதானே?"ம்பீங்க. பின்னால ரேக் மாட்டினா பின்கதவைத் திறக்குறது ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை. மழை, சேறு, குளிர்காலத்துல ரோட்டுல போடுற உப்பு எல்லாம் செயின்ல ஏறும். ராத்திரி நாம தூங்கும்போது சைக்கிள் வெளியில தொங்கிக்கிட்டு இருக்கும். மாப்ள தன் சைக்கிளுக்கு ஒரு வருஷம் பார்ட் டைம் வேலை பார்த்த காசைக் கொட்டியிருக்கான். அவனுக்குத் தூக்கம் வருமா?

சரி, உள்ளன்னா எங்கே? கட்டிலுக்கு அடியிலதான். இங்கதான் வில்லங்கமே.

எங்க வண்டி எல்2ஹெச்2 சைஸ். சரக்கு வைக்கிற இடத்தோட நீளம் 3.12 மீட்டர், அகலம் 1.87, உயரம் 1.93. தரையும் கூரையும் போட்டதுல 7 சென்டிமீட்டர் காலி. மிச்சம் 1.86. இதுல கட்டில் பலகைக்கு 4, மெத்தைக்கு 10 போகணும். ஆக, சைக்கிளோட உயரமும் கட்டில்ல உக்கார்ற மனுஷனோட உயரமும் சேர்ந்து 172 சென்டிமீட்டருக்குள்ள அடங்கணும். சைக்கிளுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டினா மனுஷனுக்கு ஒரு சென்டிமீட்டர் குறையும். வேற எங்கேயும் கடன் வாங்க முடியாது.

சைக்கிளை அப்படியே நிறுத்தினா ஹேண்டில்பாருக்கு 110 வேணும். மேல மிஞ்சுறது 62. சவப்பெட்டி! முன்சக்கரத்தைக் கழட்டி, ஃபோர்க்கைத் தரையில ஒரு கிளாம்ப்ல மாட்டி, சீட்டை இறக்கினா 90-ல அடங்குது. மேல 82. சீட்டையும் தண்டோட உருவிட்டா சைக்கிளுக்கு 82 போதும். மேல 90. எனக்கு உக்காந்தா உச்சந்தலை வரைக்கும் 89. அப்பாடா! ஆறடி மாப்ளைக்கு 95. அய்யய்யோ!

இந்தக் கணக்கைப் பேப்பர்ல போடாதீங்க மக்கா. நாங்க ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிச்சு, சக்கரம் கழட்டின சைக்கிளை அது மேல படுக்க வச்சு, பேனாவால சுத்தி வரைஞ்சு வெட்டினோம். அப்புறம் காலி பியர் கிரேட்டை அடுக்கி (படிப்புச் சுமை, வேற என்ன), மேல பலகையைப் போட்டு, அட்டைச் சைக்கிளைக் கீழ சொருகிப் பார்த்தோம். அப்பத்தான் தெரிஞ்சுது, மாப்ள சைக்கிளோட ஹேண்டில்பார் 78 சென்டிமீட்டர் அகலம், ரெண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்னா ஹேண்டில்பார் ஒண்ணோட ஒண்ணு முட்டும்னு. ஒண்ணை முன்பக்கம் பார்த்தும் இன்னொண்ணைப் பின்பக்கம் பார்த்தும் வச்சதும் பிரச்சினை தீர்ந்துச்சு. பின்சக்கர மேட்டுக்கு நடுவுல 1.42 மீட்டர் அகலம் இருக்கு, அதுக்குள்ள ரெண்டும் நிக்குது. கழட்டின முன்சக்கரங்கள் மேட்டுக்கு முன்னால இருக்கிற மூலையில, பைக்குள்ள.

கிளாம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஃபோர்க்கைப் பாருங்க. என்னோடது பழைய சைக்கிள், 9 மில்லிமீட்டர் க்விக் ரிலீஸ், 100 அகலம். மாப்ளையோடது 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸில், 110 அகலம். ஒரே மாதிரி ரெண்டு வாங்கிட்டு வந்து நான் வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

கிளாம்ப் ரெண்டையும் ஒரு தடிமனான பிளைவுட் பலகையில போல்ட் போட்டிருக்கோம். பின்கதவைத் திறந்து பலகையை இழுத்தா சைக்கிள் வெளிய வரும், குனிஞ்சு நுழைய வேண்டியதில்லை. உள்ள தள்ளினதும் ரெண்டு போல்ட் போட்டுப் பலகையைப் பூட்டணும். அப்புறம் சைக்கிள் சட்டத்துக்கு ஆளுக்கு ரெண்டு ராட்செட் பட்டை, வேன் தரையில ஏற்கெனவே இருக்கிற இரும்பு வளையத்துல மாட்டி. அந்த வளையத்தை கார்க்கும் பிளைவுட்டும் போட்டு மூடிடாதீங்க. நாங்க மூடிட்டு, திரும்ப ஓட்டை போட்டோம்.

சில்லறை விஷயங்கள்: ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்னா சக்கரம் கழட்டினதும் பேடுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சொருகிடுங்க. தெரியாம லிவரை அமுக்கினா பேடு ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் டிஸ்க் உள்ள போகாது. பெடலைக் கழட்டுறதா இருந்தா இடது பெடலுக்கு மரை தலைகீழ், ஞாபகம் இருக்கட்டும். ஈர சைக்கிளை அப்படியே உள்ள ஏத்தினா ராத்திரி அந்த ஈரமெல்லாம் ஜன்னல்ல முத்து முத்தா நிக்கும். துடைச்சிட்டு ஏத்துங்க. கீழ விளிம்பு வச்ச ரப்பர் விரிப்பு. சமையல் கேஸ் காத்தைவிடக் கனம்கிறதால, சிலிண்டர் பெட்டியோட காற்றுத்துளை தரைமட்டத்துல இருக்கும். சைக்கிளோ பையோ அதை அடைக்கக்கூடாது.

முழுசாக் கழட்டி உள்ள வைக்க ஆறு நிமிஷம் ஆகுது. மழையில, இருட்டுல, சீட்டை உருவும்போது "இதெல்லாம் தேவையா"ன்னு தோணத்தான் செய்யும்.

தலை இடிக்கிற விஷயம்தான் எனக்கு உறுத்தலா இருந்துச்சு. "என் சைக்கிளை வேணா ரூம்லயே விட்டுட்டு, அங்க போய் வாடகைக்கு எடுத்துக்கறேன். கட்டிலை இறக்கிடலாம்டா"ன்னு சொன்னேன். மாப்ள பியர் கிரேட் கட்டில்ல கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். "அன்னிக்கு நாலு விரல்ல தப்பிச்சேன். இப்ப மூணு விரல் குனிஞ்சா குறைஞ்சா போயிடுவேன்? போல்ட்டை ஒழுங்கா முடுக்குடா"ன்னான்.

முடுக்கியாச்சு. ரெண்டு தடவை.

அடுத்த பாகத்துல அடுப்பு. கூரைக்குக் கிட்ட படுத்துத் தூங்கின அனுபவம் இருக்கிறவங்க, காலையில இடிச்சுக்காம எழுந்திரிக்க வழி இருந்தா சொல்லுங்க. மாப்ளைக்குத்தான்.