முதலில் அலாரம், அப்புறம் ட்ரிப்!

2012-ம் வருஷ மின்வெட்டில் நம்ம திருப்பூர் பனியன் கம்பெனிகளை ஓட்டியது டீசல் ஜெனரேட்டர்தான். இன்றும் கரண்ட் போனால் அதுதான் கதி.

சூடு மிஞ்சினால் இன்ஜினை நிறுத்த ட்ரிப் இணைப்பு உண்டு. ஆனால் திடீரென்று நின்றால் நிட்டிங் துணியில் கோடு விழும், டையிங்கில் சாயம் பாழாகும். அதனால் சில இடங்களில் ஒயரையே கழற்றி விடுகிறார்கள். "ஷிப்மென்ட் போகட்டுங்க, அப்புறம் மாட்டிக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை! ஹெட் கேஸ்கட் போய், பிஸ்டன் சீஸ் ஆனால் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே ட்ரிப்புக்குச் சில டிகிரி முன்னாலேயே ஓர் அலாரம் வேண்டும் என்பது என் கட்சி. ஆபரேட்டர் லோடைக் குறைக்கவாவது நேரம் கிடைக்கும்.

டெம்பரேச்சர் சுவிட்ச் ஒன்றை மட்டும் நம்பவும் கூடாது. ஹோஸ் பிய்ந்து தண்ணீர் கொட்டிவிட்டால் அது காற்றில் தொங்கும். இன்ஜின் வேகும், அது சும்மா இருக்கும். ரேடியேட்டரில் லெவல் சுவிட்சும் சேர்க்க வேண்டும். ஒரு ரிலே, ஒரு பஸ்ஸர், நம்ம லேபிலேயே செய்து விடலாம்.

ஒற்றை ஒயர் சுவிட்ச் என்றால், ஒயர் அறுந்தால் சத்தமே வராது. வாரம் ஒருமுறை அந்த ஒயர் முனையை இன்ஜின் பாடியில் தொட்டுப் பாருங்கள், அலாரம் அடிக்க வேண்டும்.

பஸ்ஸரை ஜெனரேட்டர் ரூமில் மாட்டாதீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள்? நிட்டிங் ஹாலில், சத்தம் கேட்காது என்பதால் சிவப்பு விளக்கோடு மாட்டுங்கள்.