தலைக்குள் கண்டதைத் தமிழிற் சொல்லுங்கள்!

பளையிலே தென்னங்காணி வைத்திருக்கும் கமக்காரர் ஒருவர் தேங்காய் பறிக்க ஏறி விழுகிறார்; அல்லது கண்டி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து சறுக்குகிறார். யாழ்ப்பாணத்திலே தலையை ஸ்கான் செய்கிறார்கள். விழுந்ததால் உள்ளே காயமில்லை. ஆனால், எவரும் தேடாத வேறொன்று படத்திலே தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை உறையிலிட்டு அவர் கையிற் கொடுக்கிறார்கள். ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடப் பிள்ளையொன்று அதை வாசித்து, "மூளையிற் கட்டி" என்கிறது. அன்றிரவே அது செத்தவீடாகி விடுகிறது! மறுவாரம், கொழும்புத் தனியார் வைத்தியசாலைச் செலவுக்காகக் காணி ஈடு போகிறது.

இத்தனை அச்சத்துக்கு இடமுண்டா?

ஒல்லாந்து தேசத்து ரொட்டர்டாம் நகரிலே, 45 வயதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் 2,000 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியாற் படம் பிடித்து ஆராய்ந்தனர். முடிவு 2007இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 7.2 பேரிடம், தாம் அறியாமலே நேர்ந்துவிட்ட குருதியடைப்பின் தழும்பு காணப்பட்டது. 1.8 பேருக்கு மூளைக் குருதிக்குழாயிற் புடைப்பு. 1.6 பேருக்குப் புற்றுநோயல்லாத கட்டி. படம் எடுத்திராவிடின் இவர்களிற் பெரும்பாலார் ஒன்றும் அறியாமலே தம் அலுவலைப் பார்த்திருப்பர்.

அக்கட்டிகளுட் பெரும்பாலானவை மெனிஞ்சியோமா எனப்படுபவை. அவை மூளைக்குள் அன்று, மூளையைப் போர்த்த உறையிலே தோன்றுபவை, மெல்ல வளர்பவை. சிறிதாயிருந்து தொல்லையும் தராவிட்டால், குறித்த காலத்தின் பின் மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பதே பல வேளைகளிற் போதுமானது. கத்தி உடனே வேண்டியதில்லை. குருதிக்குழாய்ப் புடைப்பு வேறு சங்கதி. அதன் பருமன், இருக்குமிடம், குடும்பத்திலே முன்னர் எவருக்கேனும் வெடித்ததா என்பவற்றை நிறுத்துப் பார்த்தே வைத்தியர் முடிவு செய்வார். பழைய அடைப்பின் தழும்போ பிரசரையும் சலரோகத்தையும் புகையிலையையும் கவனிக்கும்படி சொல்லும் எச்சரிக்கை. 'கட்டி' என்ற சொல்லுக்கு நடுங்குகிறவர், உண்மையிற் கவனிக்க வேண்டிய இதனை ஒரு குளிசையோடு மறந்து விடுகிறார்!

எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 2009இல் முடிந்த போரின் எறிகணைச் சிதறல்களை உடலிலே, சிலர் தலையிலேயே, சுமந்து வாழ்கின்றனர். முகமாலையை அயலிற் கொண்ட பளையாருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பல்லாண்டாக அசையாதிருக்கும் துண்டை எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால், எம்.ஆர்.ஐ. கருவி வலிய காந்தம். இரும்புத் துண்டை அசைக்க வல்லது. கண்ணிலோ மூளையிலோ அது இருப்பின் ஆபத்து. படம் எடுக்குமுன் இதைக் கேட்கிறார்கள்தான். அந்தக் கேள்வி, பதில் சொல்ல வேண்டியவருக்கு விளங்கும் மொழியில், விளங்கும் விதத்திற் கேட்கப்படுகிறதா?

தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறிற்று. டாக்டர்மார் தமக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும். அதிலே எமக்குப் பிணக்கில்லை. நாம் கேட்பது அதனோடு தமிழில் அரைத்தாள். படத்திற் கண்டது யாது? வந்த நோய்க்கும் அதற்கும் தொடர்புண்டா? மறுபடி எப்போது பார்ப்பது? எந்தக் குணங்குறி கண்டால் அன்றே ஓடிவர வேண்டும்? இவ்வளவே. சனநெருக்கம், நேரமில்லை என்பார்கள், மெய்தான். அடிக்கடி காணும் நாலைந்து வகைகளுக்கு முன்னரே அச்சிட்டு வைத்தால் கையொப்பமிடும் நேரமே செல்லும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சைச் சேர்ந்தது, ஏனையவை மாகாணத்தைச் சேர்ந்தவை என்ற கணக்குப் பேசி இதனைத் தட்டிக் கழிக்க வேண்டாம். உத்தியோகம் பார்க்கும் எம்மவரும் தம் தாய் தந்தையின் அறிக்கையை மட்டும் விளக்கிவிட்டு அமையாது, இக்கோரிக்கையை எழுத்தில் அனுப்ப வேண்டும்.

அத்தாள் வரும்வரை கமக்காரர் செய்யத்தக்கது ஒன்று. திடீரென இடிபோன்ற தலையிடி, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு இவை கண்டால் தாமதியாது வைத்தியசாலை செல்க. இவையெதுவும் இல்லையேல், காணி உறுதியைப் பெட்டியால் எடுக்குமுன், அறிக்கையோடு உறவினர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பிப்போய், மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் டாக்டரிடம் கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வாங்குக.