நலன் முரணைத் தீர்மானிப்பது யார்?

பல்கலைக்கழக ஆசிரியரின் புறப்பணியும் வெளியிலிருந்து அவருக்கு வரும் பண நலனும் பல இடங்களில் ஒரே படிவத்தில் கேட்கப்படுகின்றன. இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். புறப்பணி, பல்கலைக்கழகத்துக்குச் சேர வேண்டிய நேரத்தைத் தின்கிறது. பண நலன், ஆய்வு முடிவின் மீது ஐயத்தைக் கிளப்புகிறது.

நேரத்தை அளப்பது எளிது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் கல்வியாண்டு முறையில் நியமனம் பெற்ற ஆசிரியருக்கு ஆண்டில் 39 நாள்களும், நிதியாண்டு முறையில் நியமனம் பெற்றவருக்கு 48 நாள்களும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. சொந்த நிறுவனம் தொடங்கவும் வேறு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் முன்அனுமதி வேண்டும்.

பண நலனை அளப்பதுதான் கடினம். அரசு மானியத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்று 1980இன் பே-டோல் சட்டம் அனுமதித்தது. அதன்பின் ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது. 1995இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, தன் மானியம் பெறுவோருக்கென ஒரு விதி வகுத்தது. அதில், தெரிவிக்க வேண்டிய நலனுக்கான வரம்பு 10,000 டாலர். எந்த நலன் தம் ஆய்வோடு தொடர்புடையது என்பதை ஆய்வாளரே முடிவுசெய்து தெரிவிக்கலாம் என்பது அதன் பெரிய ஓட்டை. முரண் இருப்பவரிடமே முரண் உண்டா என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். அதுவும் பெரும்பாலும் நேர்மையாகவே வரும். 2011இல் திருத்தப்பட்டு 2012 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி வரம்பை 5,000 டாலராகக் குறைத்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனமாக இருந்தால் எவ்வளவு சிறிய பங்கையும் சொல்லியாக வேண்டும். புதிய நலன் சேர்ந்தால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, தொடர்பு உண்டா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஆய்வாளரிடமிருந்து நிறுவனத்துக்கு மாறியதுதான்.

ஆகவே நல்ல படிவம் முடிவைக் கேட்காமல் விவரத்தைக் கேட்கும்: யாரிடமிருந்து, எவ்வளவு, எந்தப் பதவியில். ஊதியமில்லாத வெளிநாட்டுப் பதவியும் இதில் அடங்கும். ஹார்வர்டு வேதியியலாளர் சார்லஸ் லீபர் 2021 டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பானபோது, வுகானில் இருந்த பல்கலைக்கழகத் தொடர்பு குற்றமாகவில்லை. அதைப் பற்றி விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னதும் வரிக் கணக்கில் மறைத்ததுமே குற்றமாயின.

தெரிவித்தால் மட்டும் போதாது என்பதற்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சான்று. 1999 செப்டம்பரில், மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் பங்கேற்ற ஜெஸ்ஸி கெல்சிங்கர் 18 வயதில் இறந்தார். பரிசோதனையை நடத்திய ஆய்வு நிலையத்தின் இயக்குநருக்கு, அவரே நிறுவிய ஜெனோவோ நிறுவனத்தில் பங்கு இருந்ததைப் பல்கலைக்கழக நிர்வாகம் அறிந்தே ஒப்புதல் தந்திருந்தது. பணத்தால்தான் மரணம் நேர்ந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனால் அந்த ஐயத்தை யாராலும் துடைக்கவும் முடியவில்லை. கட்டுரையின் அடிக்குறிப்பில் அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் மேலாண்மைத் திட்டம் வலுவற்றது. பங்கு வைத்திருப்பவர் நோயாளியிடம் ஒப்புதல் வாங்கக் கூடாது. தரவைத் தனியே பகுப்பாய்வு செய்யக் கூடாது. வழிகாட்டியின் நிறுவனத்தில் வேலை செய்யும் முனைவர் பட்ட மாணவருக்கு, அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத இன்னொரு வழிகாட்டி வேண்டும்.

ஜெனோவோவில் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது. பல்கலைக்கழகமே பங்குதாரராக இருக்கும் நிலையை 2011 திருத்தம் தொடவில்லை. அத்தகைய ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுவில் முதலீட்டு அலுவலகத்தோடு தொடர்பற்ற வெளியாரைச் சேர்ப்பது இன்றும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.