தோற்றாலும் அவர் பக்கம் நிற்போம்

2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் இந்தியக் கால்பந்து அணி மாலத்தீவை 3-0 என்று வென்றது. மூன்றாவது கோலை அடித்தவர் சுனில் சேத்ரி. அவருக்கு அப்போது வயது 40. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2024 ஜூன் 6 அன்று, கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு அவர் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விடைபெற்றிருந்தார். கோல் அடிக்க ஆள் இல்லை என்பதால் திரும்ப அழைக்கப்பட்டார். நாட்டுக்காக மறுபடியும் வந்து நின்ற அந்த வீரருக்கு நம் வணக்கம் உரியது. ஆனால் அவருடைய இடத்தில் நிற்க ஓர் இளைஞனைக்கூட ஆயத்தம் செய்யாத ஏற்பாட்டுக்கு எந்த மரியாதையும் தேவையில்லை.

சேத்ரியே இளம் வயதில் நம்பப்பட்டவர்தான். 2005 ஜூன் 12, குவெட்டா நகரம், எதிரணி பாகிஸ்தான். 20 வயது சேத்ரியை அன்று தொடக்கம் முதலே ஆட வைத்தவர் அப்போதைய பயிற்சியாளர் சுக்விந்தர் சிங். பையன் கோல் அடித்தான். ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் இந்தியக் கால்பந்தைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் அந்த ஒரு நம்பிக்கையிலிருந்து புறப்பட்டவர். 'இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்' என்று சுக்விந்தர் சிங் அன்று தள்ளிப்போட்டிருந்தால்?

தருமபுரி மாவட்டத்திலிருந்து இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கால்பந்தில் இளையவரை நம்பி இறக்கும் பயிற்சியாளருக்கு ஆதரவு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அவர் வெல்லும்போது மாலை போடுகிறோம். இரண்டு ஆட்டம் தோற்றதும் முதல் ஆளாக அவரைக் கேள்வி கேட்கிறோம். வெற்றியின்போது தரும் ஆதரவுக்கு விலை கிடையாது. தோல்வியில் அவரோடு நிற்கத் துணிவு இருந்தால் மட்டுமே நாம் இளையவர்களை நம்புகிறோம் என்று பொருள். இந்தத் தலையங்கம் வலியுறுத்துவது அதைத்தான்.

நம் பையன் ஒருவனின் கதையையே எடுத்துக்கொள்வோம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூரைச் சேர்ந்தவர் சிவசக்தி நாராயணன். பெங்களூரு எஃப்சி அணியில் இருந்த அவரை அதன் ஆங்கிலேயப் பயிற்சியாளர் சைமன் கிரேசன் 2022இல் முன்னுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று கொல்கத்தாவில் டியூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம். மும்பை சிட்டி அணிக்கு எதிராக 11ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தவர் 21 வயது சிவசக்தி. கோப்பை பெங்களூருக்கு வந்தது.

அதன் பிறகு கிரேசன் எடுத்த முடிவுதான் பெரிது. ஐஎஸ்எல் தொடரில் அணி தடுமாறிக்கொண்டிருந்தது. அப்போது முன்கள வீரர் ராய் கிருஷ்ணாவுக்குத் துணையாகச் சிவசக்தியை முதல் பதினொருவரில் வைத்து, சேத்ரியைப் பெஞ்சில் உட்கார வைத்தார். நாட்டின் மிகப் பெரிய வீரரை, அதுவும் பெங்களூரு ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒருவரை, வெளியே உட்கார வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அணி லீக் ஆட்டங்களில் தொடர்ந்து எட்டு வெற்றி பெற்று, 2023 மார்ச் 18 அன்று இறுதி ஆட்டத்தில் நின்றது. அன்று தொடக்க நிமிடங்களிலேயே சிவசக்தி காயப்பட்டு வெளியேற, சேத்ரி களம் இறங்கினார். பெனால்டி ஷூட் அவுட்டில் பெங்களூரு தோற்றது. ஆனாலும் அந்தத் தொடரின் சிறந்த வளரும் வீரர் விருது சிவசக்திக்குத்தான் கிடைத்தது.

அந்தப் பயிற்சியாளருக்கு என்ன நடந்தது? அடுத்த தொடரின் தொடக்கம் மோசமாக அமைந்தது. 2023 டிசம்பரிலேயே கிரேசன் விலக நேர்ந்தது. ஒரு கோப்பையும் ஓர் இறுதி ஆட்டமும் ஓர் இளம் வீரரும் தந்தவருக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். பெரிய கிளப்பிலேயே இப்படி என்றால், அரூரிலும் பென்னாகரத்திலும் அணி நடத்தும் ஓர் உடற்கல்வி ஆசிரியருக்கு யார் அவகாசம் தருவார்கள்?

இளையவரை நம்பினால் பட்டமே வெல்லலாம் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோவையைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி, 2017-18 ஐ-லீக்கில் பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்த அணி. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பொறுப்பேற்றதும் பெரிய பெயர்களைத் தேடி அலையவில்லை. ஸ்பெயின் கால்பந்திலிருந்து வந்த பெட்ரோ மான்சி உள்ளிட்ட நால்வரை முதுகெலும்பாக வைத்தார்; அவர்களைச் சுற்றி அஜித்குமார், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்களை ஆட விட்டார். தடுத்து நின்று சமன் செய்யும் ஆட்டமல்ல. பந்தைத் தரையோடு தரையாகப் பாஸ் செய்து முன்னேறும் ஆட்டம். தவறு நடந்தால் கோல் விழும் ஆட்டம். பயிற்சியாளர் தங்களோடு நிற்கிறார் என்ற தைரியம் இல்லாத வீரர்களால் அப்படி ஆட முடியாது.

2019 மார்ச் 9, கோவை நேரு விளையாட்டரங்கில் கடைசி ஆட்டம். வென்றால்தான் பட்டம் உறுதி. ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், தன் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. அது வென்று கோவையில் சென்னை சிட்டி சறுக்கினால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். சென்னை சிட்டி பதறவில்லை. மான்சி பெனால்டியில் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். ஆட்டம் 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, சென்னை சிட்டி 43 புள்ளி. ஐ-லீக் கோப்பை முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதன்பின் எட்வினைச் சென்னையின் எஃப்சியும், ரொமாரியோவை எஃப்சி கோவாவும், அஜித்தைப் பெங்களூரு எஃப்சியும் எடுத்துக்கொண்டன. பட்டத்தைவிடப் பெரிய பலன் அது.

வயதில் மூத்தவர்களை ஒதுக்குவதா என்று கேட்பவர்களுக்கும் இந்த அணிதான் பதில். இளையவரை நம்புவது என்றால் பையன்களை மட்டும் இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பது அல்ல. அனுபவம் உள்ள நான்கைந்து பேரை நடுவில் நிறுத்தி, அவர்கள் அருகிலேயே இளையவர்களை வளரச் செய்வது. மூத்தவரின் கடமை இளையவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில் இல்லை. களத்தில் அவனுக்குக் குரல் கொடுப்பதில் இருக்கிறது.

இப்போதைய இந்திய அணிக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீல், சேத்ரி இல்லாமல் புதுமுகங்கள் கலந்த அணியோடு தஜிகிஸ்தானுக்குப் போனார். மத்திய ஆசிய நாடுகளின் கோப்பைத் தொடரில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார். அக்டோபரில் சிங்கப்பூருக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்கள் வந்தபோது சேத்ரி மறுபடியும் அணியில் இருந்தார். அக்டோபர் 14 அன்று மட்காவில் 1-2 என்று தோற்றோம்; 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு மூடியது. நவம்பர் 18 அன்று, சேத்ரி இல்லாத அணி, டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று வீழ்ந்தது. உடனே பயிற்சியாளரை மாற்று என்ற குரல்கள் எழுந்தன.

நாம் அந்தக் குரலில் சேர மறுக்கிறோம். நெருக்கடி வரும்போதெல்லாம் பழைய பெயர்களிடம் ஓடுவதால் என்ன கிடைத்தது என்று அக்டோபர் காட்டிவிட்டது. ஐஎஸ்எல் குறித்த காலத்தில் தொடங்காததால் அந்த மாதங்களில் இளம் வீரர்களுக்கு ஆட்டமே போதிய அளவு கிடைக்கவில்லை. இந்தக் குறையைப் பயிற்சியாளரின் தலையில் கட்டுவது நியாயமல்ல. அதோடு காலித் ஜமீல் யார் என்பதையும் மறக்கக் கூடாது. 2016-17இல் மிசோரம் மலையிலிருந்து வந்த ஐசால் எஃப்சியை, மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி முந்தவைத்து ஐ-லீக் பட்டம் வெல்ல வைத்தவர் அவர். அதற்கு முந்தைய தொடரில் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டு, பிறகு மீண்டும் சேர்க்கப்பட்ட அணி அது. அந்த அணியில் இருந்த உள்ளூர் இளைஞர் லால்ருவத்தாரா அடுத்த ஆண்டே ஐஎஸ்எல்லின் சிறந்த வளரும் வீரர் ஆனார். இளையவர்கள் பக்கம் உறுதியாக நிற்கும்படி காலித் ஜமீலைக் கேட்போம். அப்படி நிற்கும்வரை அவரைக் காப்போம்.

உலகம் போற்றும் பயிற்சியாளர்களுக்கும் அவகாசம் தேவைப்பட்டது. அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்தார்; முதல் கோப்பை 1990 மே மாதம்தான் கைக்கு வந்தது. 1995 ஆகஸ்டில் இளையவர்களை நம்பி இறங்கிய முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 1-3 என்று தோற்றபோது ஊரே சிரித்தது. அந்தப் பருவத்தின் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் அதே அணிக்குத்தான் கிடைத்தன. நிர்வாகம் பொறுத்திருந்தது, அதனால் பலன் வந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த மாவட்டம் தருமபுரி. படிப்பு முடிந்ததோ முடியவில்லையோ, பதினெட்டு வயதில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் பஸ் ஏறும் பிள்ளைகள் இங்கே ஏராளம். சென்னையில் வசதியுள்ள வீட்டுப் பையனால் 'அடுத்த வருஷம் சான்ஸ் வரும்' என்று காத்திருக்க முடியும். பாப்பிரெட்டிப்பட்டியில் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் மகனுக்கு அடுத்த வருடம் என்பது கிடையாது. பதினாறிலிருந்து பத்தொன்பதுவரை பெஞ்சில் உட்கார வைத்தால், அவன் கால்பந்தை விட்டே போய்விடுவான். ஆகவே இளையவருக்கு வாய்ப்பு என்பது பெரிய நகரங்களைவிட நம் மாவட்டத்துக்கே அதிகம் தேவை.

ஆனால் இங்கே நடப்பது என்ன? பரிசுத்தொகைப் போட்டி வந்தால் வெளியூரிலிருந்து ஆள் இறக்குகிறோம். நம் ஊர்ப் பையன் ஜெர்சி மாட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டில் தூக்குகிறான். கோப்பை ஊருக்கு வருகிறது. ஆடியவர்கள் அன்று இரவே பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளிலோ வயது கூடியவர்களைக் குறைத்துக் காட்டி இறக்கும் பழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை வைத்துத்தான் கால்பந்துச் சம்மேளனம் அதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மேல்மட்டச் சான்றிதழுக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் மதிப்பு இருப்பதால் இந்த ஆசை வருகிறது. சரியான வயதுப் பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர் முதல் சுற்றிலேயே நான்கு கோல் வாங்கித் திரும்பி வரலாம். அவரைத்தான் ஊர் தோளில் தூக்க வேண்டும். அவர் தோற்கவில்லை, நேர்மையாகப் பயிர் செய்திருக்கிறார்.

பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒட்டுக்கன்று நட்ட முதல் சில ஆண்டுகளில் வரும் பூவைக் கிள்ளி எறிவார்கள். அந்தப் பூவைக் காய்க்க விட்டால் கன்று வலுவிழந்துவிடும் என்று தெரியும். தோப்பில் காட்டும் பொறுமையை மைதானத்தில் காட்ட மறுப்பதற்குக் காரணம் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியச் சாம்பியன் ஆனது. கடலூரின் இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்திய அணியிலும் இடம் பிடித்தவர்கள். சீக்கிரமே கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் நம் மாவட்டத்தில், பதினான்கு வயதுப் பெண்ணை நம்பி அணியில் சேர்க்கும் பயிற்சியாளர் அவளுக்கு ஆட்டத்தோடு சேர்த்து மூன்று நான்கு வருடப் படிப்பையும் வாங்கித் தருகிறார்.

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. மாவட்ட அணிக்குப் பயிற்சியாளரை நியமிக்கும்போது மூன்று ஆண்டு என்று எழுத்தில் கொடுங்கள். இடையில் தோல்வியைக் காட்டி மாற்றக் கூடாது. அவரை அளக்கும்போது எத்தனை கோப்பை என்று கேட்காமல், எத்தனை இளையவர்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எத்தனை பேர் மாநில அணிக்குப் போனார்கள் என்று கேளுங்கள். உள்ளூர்ப் போட்டி நடத்துவோர், ஒவ்வோர் அணியிலும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட உள்ளூர் வீரர்கள் மூவராவது முதல் நிமிடத்திலிருந்து ஆட வேண்டும் என்று விதி வைக்கட்டும். வயதுச் சான்று நேர்மையாகச் சரிபார்க்கப்படட்டும். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளுக்கு அணி தேர்வு செய்யும்போது தலைமையாசிரியர்களும் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர் மேல் நெருக்கடி தராமல் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்றதும் பந்தைப் பிடுங்கி மூலையில் போடும் வழக்கமும் ஒழியட்டும்.

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். தோல்வியைத் தாங்கும் மனம் போதும். ஒரு பயிற்சியாளர் பதினேழு வயதுப் பையனை நம்பி இறக்கினால், அவர் தன் வேலையைப் பணயம் வைத்துத்தான் அதைச் செய்கிறார். அந்தப் பணயத்தில் பாதியை மாவட்டம் ஏற்க வேண்டும். இந்தப் பருவத்தில் நம் அணிகள் தோற்கும் ஒவ்வொரு முறையும், 'யாரை இறக்கித் தோற்றீர்கள்?' என்று முதலில் கேட்போம். நம் பிள்ளைகளை இறக்கித் தோற்றிருந்தால், அடுத்த ஆட்டத்திலும் அவர்களையே இறக்கச் சொல்வோம்.